அம்மா துடைத்த மேடை

வீட்டில் வைத்த பேர் வருகைப் பதிவேட்டோடு சரி. பல்கலைக்கழகத்தில் எல்லாருக்கும் அவள் டேப்பு. இடுப்பில் ஒரு கயிறு, அதில் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று நாலு டேப் உருளை தொங்கும். கூடவே ஒரு கத்தரிக்கோல், ஒரு சின்ன டார்ச், ஒரு சுத்தியல். இத்தனையையும் மாட்டிக்கொண்டு சத்தம் வராமல் நடக்க வேண்டும். மூன்று வருஷமாக அவள் படிப்பது அதைத்தான்.

நாடகம் படிக்கிறாள் என்றதும் எல்லாரும் கேட்பது, "என்ன வேஷம் போடுவ?" வேஷமெல்லாம் கிடையாது. நடிக்கிறவன் வந்து உட்காருவதற்கு முன்னால் அங்கே ஒரு நாற்காலி இருக்க வேண்டும். அவன் எழுந்து போனதும் அது இருக்கக் கூடாது. நடுவில் நாற்காலிக்குக் கால் முளைத்ததா, கை முளைத்ததா என்பது பார்க்க வந்தவர்களுக்குத் தெரியக் கூடாது. விளக்கு, திரை, ஓசை, சாமான் எல்லாவற்றையும் ஒழுங்கு பண்ணி, யார் எப்போது என்ன செய்ய வேண்டும் என்று இருட்டில் நின்று ஹெட்செட்டில் சொல்கிற ஆளுக்கு மேடைப் பொறுப்பாளர் என்று பேர். இறுதி ஆண்டு நாடகத்துக்கு டேப்புதான் பொறுப்பாளர்.

நாடகம்தான் பரீட்சை. நாலு காட்சி, மூன்று மாற்றம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இருபது விநாடி, முழு இருட்டு. சாமான் இடம் பிசகி நடிகர் தடுமாறினால் அந்த நிமிஷமே பரீட்சை போச்சு, முழு வருஷத்தையும் திரும்பப் படிக்க வேண்டும். அப்பா லாரியில் மூட்டை இறக்குகிறவர். அம்மா ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவள். அந்த வீட்டில் ஒருத்தி ஒரு வருஷத்தைத் திரும்பப் படித்தால், ரெண்டு முதுகு இன்னொரு வருஷம் வளைய வேண்டும். டேப்புக்கு வேறு எந்தக் கணக்கு வராவிட்டாலும் இந்தக் கணக்கு வரும்.

நாடகம் மதியம் மூன்று மணிக்கு. அம்மா காலை முறை முடிந்து பதினொன்றரைக்கே வந்து நின்றாள், யூனிஃபார்மை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு.

அவள் வந்த நேரமா பார்த்து டேப்பு ஒரு சோபாவின் தலைமாட்டைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தாள். கால்மாட்டில் விளக்குப் பிரிவு மாணவி மின்மினி. ஆள் குச்சி, வாய் மட்டும் குச்சி இல்லை.

"என்னடி இது?" என்றாள் அம்மா.

"சோபாம்மா."

"அது தெரியுது. நீ ஏன் தூக்குற? மேனேஜர் படிப்புன்ன?"

டேப்பு வீட்டில் சொல்லி வைத்திருந்தது 'மேடை மேலாண்மை'. மேடையை அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. மகள் மேனேஜருக்குப் படிக்கிறாள் என்று லாரி ஆபீஸ் முழுக்க மூன்று வருஷமாகச் சொல்லித் திரிந்துகொண்டிருந்தார்.

"மேனேஜர்தான் அத்தை," என்றாள் மின்மினி மூச்சு வாங்கிக்கொண்டே. "எங்க துறையில மேனேஜர்தான் முதல்ல தூக்கணும்."

"உங்கப்பா இருபத்தஞ்சு வருஷமாத் தூக்குறாரு, அவரை யாரும் பட்டம் வாங்கச் சொல்லலியே," என்றாள் அம்மா.

மின்மினிக்குச் சிரிப்பு வந்து, கால்மாடு இறங்கிவிட்டது. டேப்பு பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே பிடித்தாள்.

சோபாவின் பின்கால் இரண்டும் சிவப்பு டேப் துண்டுகள் இரண்டின் மேல் அச்சாக உட்கார்ந்தன. அதுதான் விஷயம். மேடைத் தரை முழுக்கக் கறுப்பு. ஒவ்வொரு நாடகத்துக்கும் முன்னால் புதிதாகக் கறுப்படிப்பார்கள். அதன் மேல் விரல் நீளத்துக்கு டேப் துண்டுகள், ஒவ்வொரு சாமானுக்கும் பின்கால் இரண்டுக்கு இரண்டு. முதல் காட்சிக்குச் சிவப்பு, இரண்டாவதுக்கு நீலம், மூன்றாவதுக்கு மஞ்சள், நாலாவதுக்குப் பச்சை. முப்பத்தொரு சாமான், அறுபத்திரண்டு துண்டு. இருட்டில் ஓடுகிறவர்களுக்கு அதுதான் கண். மூன்று வாரமாக இயக்குநர் மாணவன், "சோபாவை ஒரு அடி இந்தப் பக்கம், இல்ல, அந்தப் பக்கம்" என்று தினமும் மாற்ற மாற்ற, டேப்பும் தினமும் பிய்த்துப் பிய்த்து ஒட்டினாள். ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் மேடை வரைபடத்திலும் மாற்றி எழுத வேண்டும் என்பது சட்டம். முதல் வாரம் எழுதினாள். அப்புறம், 'அதான் தரையிலேயே இருக்கே' என்று விட்டுவிட்டாள். யாரும் செய்வதுதான்.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை. அந்த நேரத்தில் மேடைக் கதவைப் பூட்டிச் சாவியைப் பொறுப்பாளர் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். அதுவும் சட்டம். ஆனால் அம்மா எங்கே போவாள்? காலை அஞ்சு மணிக்கு எழுந்தவள்.

"நீ இங்கயே உக்காரும்மா. இடம் சரி பாத்து சாமானையெல்லாம் ஓரமா ஒதுக்கிட்டோம், யாரும் வர மாட்டாங்க. பத்து நிமிஷத்துல வரேன்."

"சும்மாவா உக்காரச் சொல்ற?"

"சும்மாதான் உக்காரேன், ஒரு நாளைக்கு!"

டேப்பு போனது, செட்டுக் கதவின் கைப்பிடி கழன்று வந்துவிட்டதால். தச்சு அறையில் அதே அளவு திருகாணியைத் தேடினாள். இருந்ததெல்லாம் ஒரு நூல் பெரிது, இல்லாவிட்டால் ஒரு நூல் சிறிது. பத்து நிமிஷம் ஐம்பது நிமிஷமானது.

திரும்பி வந்தபோது மணி ஒன்றாகப் பத்து நிமிஷம். மேடை பளபளவென்று இருந்தது.

முதலில் அவளுக்கு நல்லதாகத்தான் பட்டது. அட, நம்ம மேடையா இது என்று நினைத்தாள். நாயகி வேஷக்காரி மூன்று வாரமாகத் தலைதலையாய் அடித்துக்கொண்டாள், மூன்றாம் காட்சியில் தரையில் விழுந்து அழுது எழுந்தால் வெள்ளை உடுப்பு கரிச்சட்டியாகிறது என்று. இப்போது அந்தத் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம். ஓரத்தில் வாளி, மாப்பு. அம்மா நெற்றி வேர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டு நின்றாள், முகத்தில் அப்படி ஒரு திருப்தி. கையில் அவளுடைய சுரண்டு தகடு. டாக்டர் கழுத்தில் குழாய் மாட்டிக்கொள்கிற மாதிரி அம்மா அந்தத் தகடு இல்லாமல் எங்கேயும் போக மாட்டாள்.

"என்னடி இது, படிக்கிற இடமா, குப்பைமேடா? தரை பூரா துண்டு துண்டா எவனோ டேப்ப ஒட்டி வச்சிருக்கான். மிதிச்சு மிதிச்சு ஒரே அழுக்கு. ஒன்னு விடல, எல்லாத்தையும் எடுத்துட்டேன்."

உள்ளங்கையை நீட்டினாள். சிவப்பும் நீலமும் மஞ்சளும் பச்சையுமாக, எலுமிச்சம்பழம் அளவுக்கு உருட்டிய ஒரு உருண்டை.

டேப்புக்குக் கண் இருண்டது. இருட்டில் வேலை செய்து பழகியவள், ஆனால் இது வேறு இருட்டு.

"அம்மா," என்றாள். அப்புறம் கத்தினாள். என்ன கத்தினாள் என்பதை இங்கே எழுத வேண்டாம். பெற்றவளைப் பார்த்துச் சொல்லக் கூடாதது ரெண்டு மூன்று அதில் இருந்தது. சத்தம் கேட்டு மின்மினி கையில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு ஓடி வந்தாள். தரையைப் பார்த்தாள். பொட்டலத்தை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அத்தை... நீங்களா?"

"பின்ன, நீயா துடைச்ச?" என்றாள் அம்மா. இன்னும் அவளுக்குப் புரியவில்லை. மின்மினிதான் சொன்னாள், அந்தத் துண்டு ஒவ்வொன்றும் எதற்கு, அது இல்லாவிட்டால் இருட்டில் என்ன ஆகும், பரீட்சை என்ன ஆகும் என்று. அம்மாவின் முகத்தில் இருந்த திருப்தி கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது.

"அம்புட்டு முக்கியம்னா ஒரு போர்டு எழுதி வைக்க வேண்டியதுதானே. ஆஸ்பத்திரில தரை ஈரமா இருந்தாலே நாங்க போர்டு வைக்கிறோம்."

"சும்மா உக்காருன்னு சொன்னேனே!"

"தரையில அழுக்க வச்சுக்கிட்டு சும்மா உக்காருன்னா எப்படிடி உக்காருறது?"

டேப்பு வரைபடத்தை எடுத்து விரித்தாள். முதல் வாரத்துப் படம். சோபா இன்று காலை உட்கார்ந்த இடத்துக்கும் படத்துக்கும் ஒன்றரை அடி. இயக்குநர் மாணவன் அதிகமாகக் கைவைத்தது நாலாவது காட்சியில், அதில் படம் சுத்தமாக உதவாது. அந்த நாலாவது காட்சியில்தான் நாயகன் பேசிக்கொண்டே பின்பக்கமாக மூன்று அடி வைத்து, திரும்பியே பார்க்காமல் நாற்காலியில் சாய்வான். "நிஜ ராஜா நாற்காலியத் திரும்பிப் பாக்க மாட்டான்" என்பது அவன் கொள்கை. நாற்காலி ஒரு அடி தள்ளியிருந்தால் நிஜ ராஜா நிஜத் தரையில் நிஜமாக விழுவான்.

"மூணு மணி ஷோ," என்றாள் மின்மினி. "ரெண்டரைக்குக் கதவத் திறந்துடுவாங்க."

"தெரியும்."

"வாத்தியாரம்மாகிட்ட சொல்லிடலாமா?"

வாத்தியாரம்மா என்பது தேர்வாளர். கையில் விநாடி பார்க்கிற கடிகாரத்தோடு பிறந்தவள் என்று சொல்வார்கள். "சொல்லி? இன்னிக்கு வேணாம், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னுவாங்க," என்றாள் டேப்பு. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அம்மாவுக்கு மகள் உட்கார்ந்ததைப் பார்க்கப் பொறுக்கவில்லை. சண்டை போட்டாலும் தேவலாம், இப்படிப் பேசாமல் உட்கார்ந்தால் அவளுக்கு என்ன செய்வதென்று தெரியாது. தெரியாதபோது அவள் செய்வது ஒன்றுதான். வேலையைப் பார்ப்பது. குனிந்து, கன்னம் தரையில் படுகிற மாதிரி தலையைச் சாய்த்து, வாசல் வெளிச்சத்துக்கு எதிரே தரையைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் மேற்பார்வைக்கு வருகிறவன் அப்படித்தான் பார்ப்பானாம், விட்ட இடமெல்லாம் அப்போதுதான் பல்லைக் காட்டும்.

"சே," என்றாள் எரிச்சலாக. "இத்தனை தேய்ச்சும் போகல பாரு. இன்னும் திட்டுத் திட்டாத் தெரியுது." ஈரத் துணியை எடுத்தாள்.

"என்ன தெரியுது?"

"டேப்பு இருந்த இடந்தான். சுத்தியும் மிதிபட்டு மங்கிப்போச்சு, டேப்புக்கு அடியில மட்டும் பெயிண்டு புதுசா மின்னுது. இரு, ஒரே நிமிஷம், அழுத்தித் தேய்ச்சா..."

"அம்மா, தொடாத!"

அந்தச் சத்தத்தில் துணி வாளிக்குள் விழுந்தது. டேப்பு பாய்ந்து வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்தாள். அம்மா மாதிரியே கன்னத்தைத் தரையில் வைத்தாள். நின்று பார்த்தால் ஒன்றுமில்லாத கறுப்பு. படுத்துப் பார்த்தால், அங்கங்கே விரல் நீளத்துக்கு, மழை பெய்து ஓய்ந்த தார் ரோட்டில் தண்ணீர் தேங்கி நிற்பது போல ஒரு மினுக்கம். ஒன்று, ரெண்டு, அஞ்சு... அப்புறம் வாசல் வெளிச்சம் எட்டவில்லை.

"மின்மினி! பக்கவாட்டு விளக்கு, தரையோட தரையா. ஒன்னே ஒன்னு போதும்."

மின்மினி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தாள். விளக்கொன்றை இழுத்து வந்து தரையில் சாய்த்து வைத்துப் போட்டாள். கறுப்புத் தரை முழுக்க மினுக்கங்கள் எழுந்து வந்தன.

அதற்கப்புறம் ஒரு மணி நேரம் அந்த மூன்று பெண்களும் மேடையில் படுத்து எழுந்ததைப் பல்கலைக்கழகத்தில் யாராவது பார்த்திருந்தால் உடற்பயிற்சி வகுப்பு என்று நினைத்திருப்பார்கள். அம்மா தலையைச் சாய்த்து, "இதோ ஒன்னு, உன் முழங்கைக்குப் பக்கத்துல, இல்ல, இந்தப் பக்கம்" என்பாள். டேப்பு ஒட்டுவாள். நாள்கணக்கில் முன்னால் பிய்த்த பழைய இடங்கள் மிதிபட்டு எப்போதோ மங்கிவிட்டன, அவை மின்னவில்லை. மினுக்கத்துக்கு நிறம் இல்லைதான். ஆனால் ஜோடிக்கு நடுவே ஆறடி என்றால் சோபா, ஒன்றரை அடி என்றால் நாற்காலி. எந்தக் காட்சிச் சாமான் என்பதைப் பழைய படம் ஓரளவு சொல்லியது. ஒன்றரை அடி பொய் சொன்னாலும் திசையில் அது பொய் சொல்லவில்லை. சிவப்பும் நீலமும் மஞ்சளும் ஒவ்வொன்றாக வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

பச்சைக்குத்தான் படம் உதவவில்லை. அங்கே அம்மாவின் விரல் உதவியது.

"எந்தக் கடையில வாங்குன பச்சைய? மத்ததெல்லாம் சொன்னபடி உரிஞ்சு வந்துச்சு. பச்சை மட்டும் பிசின விட்டுட்டு வந்துச்சு, சனியன். மண்ணெண்ணெய் இருந்தா எடுத்திருப்பேன். தொட்டுப் பாரு, ஒட்டும்."

துறைக்குக் கிடைத்த மலிவு டேப். வாழ்க்கையில் முதல் தடவையாக டேப்பு மலிவுச் சாமானுக்கு நன்றி சொன்னாள். ஒட்டுகிற மினுக்கம் எல்லாம் நாலாவது காட்சி.

இரண்டேகால் மணிக்கு அறுபது துண்டு ஒட்டியாயிற்று. மிச்சம் ஒரு ஜோடி, நாயகனின் நாற்காலி. ஆனால் தரையில் ரெண்டு ஜோடி ஒட்டியது. ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையே ஒரு அடி.

டேப்புக்கு ஞாபகம் வந்தது. நேற்றுக் காலை அந்த நாற்காலியை இயக்குநர் மாணவன் கடைசியாக ஒரு தடவை நகர்த்தினான். பழைய துண்டை அவளேதான் பிய்த்துப் போட்டு, புதிதாக ஒட்டினாள். எந்தப் பக்கம் நகர்த்தினான்? வலமா, இடமா? மூன்று வாரத்தில் முந்நூறு தடவை நகர்த்தியவன். அவனுக்கே தெரியாது. நாயகனைக் கேட்க ஒப்பனை அறைக்கு ஓடினாள் மின்மினி. திரும்பி வந்தாள்.

"என்ன சொன்னான்?"

"'நான் உக்காருவேன். நாற்காலி வரணும். அது உங்க வேலை'ன்னான். மீசை அரை பக்கம்தான் ஒட்டியிருந்துச்சு, இன்னொரு பக்கத்தையும் பிச்சிடலாமான்னு பாத்தேன்."

"உன் விளக்கு எங்க விழுது?"

"ரெண்டுக்கும் பொதுவா விழுது. எனக்கு ஒரு அடி எல்லாம் கணக்கில்ல."

டேப்பு ரெண்டு பிசினையும் விரலால் தடவினாள். ஒன்று விரலில் கறுப்பாக அப்பியது. இன்னொன்று சுத்தமாக, லேசான பச்சையாக ஒட்டியது.

அவள் யோசித்தாள். பழைய துண்டை நேற்றுக் காலையிலேயே பிய்த்தாகிவிட்டது. அந்தப் பிசின் நேற்று முழுக்க எல்லார் காலிலும் மிதிபட்டது. அதனால் அது கறுப்பு. இன்று அம்மா சுரண்டிய பிசினை யாரும் மிதிக்கவில்லை. அதனால் அது சுத்தம். அப்படியென்றால் சுத்தமானதுதான் சரியான இடம். அப்படியென்றால் மட்டும்தான். ஏனென்றால் இன்றைக்குத் தரையில் ஒரு மாப்பும் ஓடியிருக்கிறது. மாப்புத் தண்ணீர் அழுக்காக இருந்து, அந்த அழுக்கு ஒரு பிசினில் அப்பியிருந்தால் எல்லாம் தலைகீழ்.

"அம்மா, மாப்பு போட்டப்ப தண்ணி எப்படி இருந்துச்சு?"

"எப்படின்னா?"

"கடைசில அழுக்காயிடுச்சா? அந்த அழுக்கு இதுல..."

அம்மா நிமிர்ந்தாள். காலையிலிருந்து மகள் கத்தியதுக்கெல்லாம் வராத கோபம் இப்போது வந்தது.

"என் மாப்புல அழுக்கா? பதினெட்டு வருஷமா ஆபரேஷன் தியேட்டர் வாசலத் துடைக்கிறேன். ஒரு அறைக்கு மூணு தண்ணி மாத்துவேன். இங்க நாலு தண்ணி மாத்துனேன், அவ்வளவு அசிங்கம் உங்க தரை. என் மாப்பு அழுக்க எடுக்கும்டி, விட்டுட்டுப் போகாது!"

டேப்பு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் சுத்தமான பிசின் மேல் பச்சைத் துண்டு ரெண்டை ஒட்டினாள். கட்டைவிரலால் அழுத்தினாள்.

"நிச்சயமா?" என்றாள் மின்மினி.

"மாப்பு நிச்சயம்," என்றாள் டேப்பு.

இரண்டே முக்காலுக்கு அப்பா வந்தார். தேய்த்த சட்டை, தலையில் எண்ணெய். முன்வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "புள்ள எப்ப வருவா?" என்று கேட்டார்.

"வர மாட்டா," என்றாள் அம்மா. "வந்தா ஃபெயிலு."

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளக்கு அணைந்துவிட்டது.

நாடகத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மாணவர் நாடகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. நாயகன் தேவைக்கு மேல் கத்தினான். முதல் மாற்றம் பத்தொன்பது விநாடி. இரண்டாவது பதினெட்டு. மூன்றாம் காட்சியில் நாயகி தரையில் புரண்டு அழுதாள். எழுந்தபோது உடுப்பு வெள்ளையாகவே இருந்தது. அந்த ஆச்சரியத்தில் அடுத்த வசனத்தை ஒரு விநாடி மறந்து தன் முழங்காலைப் பார்த்தாள். பார்த்தவர்கள் அதைச் சோகம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது மாற்றம். டேப்பு ஹெட்செட்டில் சொன்னாள், விளக்கு முழுக்கச் செத்தது. பொறுப்பாளர் ஓட வேண்டியதில்லை, சொன்னால் போதும். ஆனால் அந்த நாற்காலியை மட்டும் தானே தூக்குவதாகச் சொல்லியிருந்தாள். பக்கத்திரைக்குப் பின்னாலிருந்து கசிந்த வெளிச்சத்தில் பச்சைத் துண்டு மங்கலாகத் தெரிந்தது. கால்களை அதன் மேல் இறக்கினாள். சத்தமில்லை. தன் இடத்துக்கு ஓடி வந்து நின்றாள்.

விளக்கு வந்தது. நாயகன் பேசினான். பேசிக்கொண்டே பின்வாங்கினான். ஒரு அடி. ரெண்டு அடி. டேப்பின் வாய் ஹெட்செட்டில் அடுத்த விளக்கு மாற்றத்துக்குத் தயார் சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. மூன்றாவது அடி. பார்வையாளர் பக்கத்தில் ஒருத்தி மட்டும் நாயகனைப் பார்க்காமல் அவன் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி.

நிஜ ராஜா திரும்பிப் பார்க்காமல் சாய்ந்தான்.

நாற்காலி இருந்தது.

"தயார், விளக்கு நாற்பத்தொன்னு," என்றாள் டேப்பு. குரல் கொஞ்சம் நனைந்திருந்தது. "மூக்க உறிஞ்சாத, காதுல இடி விழுது," என்றாள் மின்மினி மேலே விளக்கு அறையிலிருந்து.

அப்பா மட்டும் தப்பான இடத்தில் கைதட்டினார். காட்சி மாறி விளக்கு வந்ததும் தட்டினாராம், வசனம் தொடங்குவதற்குள். நாடகம் முடிந்து பக்கத்திரைக்கு வந்தவர் அதைத்தான் கேட்டார். "அந்த மர அலமாரிய எத்தனை பேரு தூக்குனீங்க?"

"ரெண்டு பேருப்பா."

"இருட்டுல? ஒரு 'டொக்' கூட கேக்கலியே. எங்க ஆளுங்க பட்டப்பகல்ல இறக்கினா தெரு முழுக்கக் கேக்கும்." கொஞ்சம் யோசித்தார். "மேனேஜர்னே சொல்லிக்கிறேன். அவனுங்களுக்கு இதெல்லாம் சொன்னாப் புரியாது."

ஆனால் பரீட்சை அதோடு முடியவில்லை. ஒவ்வொரு நாடகம் முடிந்ததும் பொறுப்பாளர் அறிக்கை எழுத வேண்டும். எத்தனை மணிக்குத் தொடங்கியது, என்ன உடைந்தது, எது பிசகியது, காரணம் என்ன. பொய் எழுதக் கூடாது, யாரையும் திட்டக் கூடாது. வாத்தியாரம்மா கடிகாரத்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு எதிரே வந்து நின்றாள்.

"மூணு மாத்தமும் சரி. உள்ள வந்தப்ப ஒன்னு கவனிச்சேன். தரையில எல்லா டேப்பும் புதுசு. காலையில பாத்தப்ப பழசா இருந்துச்சு."

டேப்பு பேனாவை எடுத்தாள். சும்மா விட்டால் ஒன்றுமில்லை. அழுக்காகிவிட்டது, மாற்றினேன் என்று எழுதினால் பாராட்டுக்கூட கிடைக்கும். பின்னால் அம்மா நிற்பது தெரிந்தது.

எழுதினாள். 'பிற்பகல் 12.50க்குத் தரை அடையாளங்கள் அனைத்தும் அகற்றப்பட்டிருந்தன. காரணம்: பொறுப்பாளர் மேடையைப் பூட்டாமல் விட்டுச் சென்றார். வரைபடம் இரண்டு வாரமாகத் திருத்தப்படவில்லை. 2.20க்கு அடையாளங்கள் மீண்டும் ஒட்டப்பட்டன.'

வாத்தியாரம்மா படித்தாள். "பூட்டாம விட்டதுக்குப் பத்து மார்க். வரைபடத்துக்குப் பதினஞ்சு." கழித்து, கீழே ஐம்பத்தெட்டு என்று போட்டாள். ஐம்பது எடுத்தால் தேர்ச்சி. "தரைய யாரு துடைச்சது? இருபது வருஷமா ஷோ அன்னிக்கு இந்த மேடை இப்படி மின்னி நான் பாத்ததில்ல." பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள்.

அம்மா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தாள். "சுரண்டுனது நான்னு எழுதலியே."

"பூட்டாதது நான்தானேம்மா."

"ஆமா. அது உன் தப்புதான்," என்றாள் அம்மா சட்டென்று. பிறகு, "போர்டும் வைக்கல," என்றாள்.

"போர்டும் வைக்கல. நான் கத்தினதுல ரெண்டு வார்த்தை..."

"மூணு. விடு."

அதற்குள் மின்மினி மேலேயிருந்து இறங்கி வந்தாள். இருட்டில் சாமான் தூக்குகிற கறுப்புச் சட்டைக்காரர்கள் எல்லாரும் மேடைக்கு வந்துகொண்டிருந்தார்கள். நாடகம் முடிந்த அன்றே மேடையைக் காலி பண்ணிக் கொடுக்க வேண்டும், நாளைக்கு வேறு நாடகம். சோபா போயிற்று, அலமாரி போயிற்று, நிஜ ராஜாவின் நாற்காலி தலைகீழாகப் போயிற்று. கடைசியில் வெறும் தரையும் அறுபத்திரண்டு துண்டும் மிச்சம்.

"அது?" என்றாள் அம்மா.

"அதையும் எடுத்துடணும்மா. ஒன்னு விடாம."

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"நெசமாத்தானே? அப்புறம் கத்த மாட்டியே?"

"மாட்டேன்."

அம்மா பையிலிருந்து தகடை எடுத்தாள். குனியப் போனவள் நிமிர்ந்துகொண்டாள்.

"எழுதிக் குடு."

மின்மினி விழுந்து விழுந்து சிரித்தாள். டேப்பு சிரிக்கவில்லை. இடுப்பிலிருந்து பச்சையில் ஒரு துண்டு கிழித்தாள். முழங்காலில் வைத்து, 'சுரண்டலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அம்மாவின் புறங்கையில் ஒட்டினாள்.

அம்மா அதை ஒரு தரம் படித்துப் பார்த்துவிட்டு மண்டி போட்டாள்.